மஞ்சள் தண்ணீர் ஊற்றிய இடம்

ஈப்போவில், சிலிபினில் நான் குடியிருக்கும் வரிசையில் யாருடைய சைக்கிளாவது மாட்டு வண்டியில் உரசிவிட்டால்கூட என்னைத்தான் கூப்பிட ஆள் வருகிறது. "தம்பிக்கு மோட்டார் கேசு தெரியும் லா" என்று ஒரு பெயர் உண்டாகிவிட்டது. எனக்குத் தெரிந்த மோட்டார் கேசு ஒன்றே ஒன்றுதான். அது என் அக்காள் புருஷருடையது. இருந்தாலும் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் தெரிந்ததைச் சொல்லுவேன். மோதிவிட்டால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். அடிபட்டவரை விட்டு ஓடாதீர்கள். தூக்கத் தெரிந்தவர் வருகிறவரை அவரை அசைக்காதீர்கள். போலீசுக்கு நீங்களே முதலில் ஆள் அனுப்புங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், நினைத்ததைச் சொல்லாதீர்கள். இவ்வளவையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். "போலீஸ் பார்க்கிறவரை சாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பூசணிக்காயும் உடைக்காதீர்கள்" என்று முடிக்கும்போதுதான் சிரிப்பார்கள்.

அந்தப் பூசணிக்காயின் கதையை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதில் வருகிறவர்கள் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, மீதிப் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி எங்கேயாவது ஓரிடத்தில் இருக்கட்டும்.

பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குவதை அங்கே அப்படித்தான் சொல்வோம். அவர்கள் காய்ச்சலில் போன பிறகு அக்காளும் மச்சானும் என்னை வைத்துக்கொண்டார்கள். மச்சானும் மரம் வெட்டியவர்தான்; பிறகு ரப்பர் ஸ்டோரில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் வேலைக்கு வந்தார். ரப்பர் விலை மறுபடி ஏறிய வருஷம் தோட்டத்துத் துரை ஒரு புது மோட்டார் வாங்கினார். ஓட்ட ஆள் வேண்டும் என்றபோது, இயந்திரத்தோடு பழகிய ஆள் என்று மச்சானைக் கூப்பிட்டார்.

ஓட்டப் பழகுவது மச்சானுக்குச் சிரமமாக இல்லை. சாலை விதிகள்தான் சிரமம். அவை இங்கிலீஷில் இருந்தன. பொழுது சாயும் நேரத்தில் நான் ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொல்ல, மச்சான் சோற்றுப்பானை மூடியை இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருப்பார்.

"மூடியக் குடுங்க, சோறு வடிக்கணும்" என்பாள் அக்காள்.

"இரு லா, இப்பத்தான் தாப்பா வளைவுல திரும்பிக்கிட்டு இருக்கேன்."

"அந்த வளைவுலயே எறங்கி ஒரு வாய் கஞ்சி வாங்கிக் குடிச்சுக்குங்க. இங்க சோறு கொழஞ்சு போச்சு."

லைசென்ஸ் கிடைத்தது. மச்சான் அதைத் திருநீறு வைக்கும் தகர டப்பாவில் வைத்துக்கொண்டார். அந்தக் காகிதத்தால்தான் நாங்கள் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்திலிருந்து பங்களாவுக்குப் பின்னால் இருந்த தனி வீட்டுக்கு வந்தோம். என் வயதுப் பையன்கள் எல்லாம் பால் வாளி தூக்கப் போனபோது, நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை முடிக்க முடிந்ததும் அதனால்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

வெள்ளிக்கிழமை தவறாமல் மோட்டாரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார் மச்சான். "இதுவும் விதிப் புத்தகத்தில் இருக்கிறதா?" என்று துரை ஒருதரம் கேட்டாராம். "புத்தகம் எழுதினவருக்கு இது தெரியாது, துரை" என்று மச்சான் பதில் சொன்னாராம்.

ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. நான் சேர வேண்டிய அன்றைக்கே பினாங்கிலிருந்து ரயிலில் வரும் துரையை அழைத்துவர மச்சான் ஈப்போவுக்குப் போக வேண்டியிருந்தது. "மாப்ளே, நம்ம வண்டியிலயே போலாம்" என்றார். அக்காள் என் நெற்றியில் திருநீறு பூசி, காலுக்கு வாங்கிய புதுச் சப்பாத்தை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். காலையில் நல்ல வெயில் வந்த பிறகு புறப்பட்டோம்.

தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் ஏறும் இடத்தைத் தாண்டினால் இடப்பக்கத்தில் ஒரு மைல்கல் இருக்கும். அதற்கு மேலே மேட்டில் ஆயாக் கொட்டாய். மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லாரும் ஆயாக்கா என்போம். நடு வயது, பெரிய குரல். நானும் அந்தக் கொட்டாயில் தூளியில் கிடந்தவன்தான்.

நாங்கள் இடப்பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். எதிரே தன் பக்கத்தில் ஒரு சீனர் சைக்கிளில் வந்தார். பின்னால் இரண்டு பக்கமும் கூடை நிறையக் கீரையும் முள்ளங்கியும். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் காய்கறி போடுகிறவர். பீடோர் சந்தைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். ஒரு கூடையின் கயிறு நழுவியது. அவர் பின்னால் கையை நீட்டினார். சைக்கிள் வளைந்து நேராக எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. மச்சான் ஹாரனை அழுத்தினார், பிரேக்கை மிதித்தார், இடது கைப்பக்கம் வாய்க்காலை நோக்கித் திருப்பினார். மோட்டார் ஒரு சக்கரத்தை வாய்க்காலில் விட்டு நின்றது. ஆனால் வலப்பக்கத்து மட்கார்டு கூடையைத் தட்டிவிட்டது. அவர் மோட்டாருக்கு முன்னால் பறந்துபோய் மைல்கல்லுக்குப் பக்கத்தில் விழுந்தார்.

மச்சான் கதவைத் திறக்கவில்லை. அதன் மேலேறிக் குதித்தார். நான் போய்ச் சேருவதற்குள் மச்சான் அந்த மனிதரின் தலைக்கு இரண்டு பக்கமும் கையைக் கொடுத்து மண்ணில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து ரத்தம் கல்மேல் ஓடியது. ஒரு கால் இருக்கக் கூடாத விதத்தில் மடங்கிக் கிடந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து மரங்களிலிருந்து வெட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். மோதியதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும். இது பிறகு பெரிய விஷயமாயிற்று.

"அண்ணே, ஓடிருங்க!" என்றான் ஒருவன். "சீனன் கூட்டம் வந்தா உங்கள அடிச்சே கொன்னுருவானுங்க. எஸ்டேட் உள்ள பூந்துருங்க, நாங்க பாத்துக்கறோம்."

"கண்ணு முழிச்சு என்னையே பாக்குறான்டா. இவன விட்டுட்டு எங்கடா ஓடுறது?" என்றார் மச்சான்.

"அப்ப அவனத் தூக்கி மரத்தடியிலயாவது போடுவோம்."

"தூக்காதே! யாரும் கை வைக்காதீங்க!" என்று நான் கத்தினேன். விதிப் புத்தகத்தில் நில் என்று இருந்தது, போலீசுக்குச் சொல் என்று இருந்தது. தூக்காதே என்று இருந்ததாக நினைவில்லை. அந்தக் காலைப் பார்த்த பயத்தில் கத்தியதுதான்.

ஆயாக்கா மேட்டிலிருந்து ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இறங்கி வந்தார். இன்னொரு கையில் ஒரு கிண்ணம் மஞ்சள் தூள். காயத்தில் வைத்து அழுத்தக் குனிந்தவரை ஒரு குரல் தடுத்தது.

"அக்கா! அந்த மஞ்சளைக் கொண்டுபோய்க் குழம்பிலை போடுங்கோ!"

யாரோ ஓடிப்போய் அழைத்துவந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், காயம் கட்டி மருந்து கொடுப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். யார் எந்த நோயோடு போனாலும் முதலில் ஒரு திட்டு, பிறகுதான் மருந்து. அதனால் பாதிப் பேருக்கு அங்கே போகவே பயம்.

"போடுறேன் சாமி, போடுறேன். நீங்க வச்சுக் கட்டுங்க, பாப்போம்" என்று ஆயாக்கா கிண்ணத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

டிரெஸ்ஸர் தலையைக் கட்டினார். காலின் இரண்டு பக்கமும் குச்சி வைத்துக் கட்டினார். "இவரை மட்டமாத் தூக்க வேணும். ஒரு கதவு கொண்டு வாங்கோ" என்றார். எந்தக் கதவு என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எங் கொட்டாய்க் கதவக் கழட்டிக்கிட்டுப் போங்க" என்றார் ஆயாக்கா. "வாசலுக்குக் குறுக்க நான் உக்காந்துக்கறேன். என்னத் தாண்டி ஒரு பிள்ள வெளிய போவாது."

கதவு வந்தது. ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு ஸ்டோரிலிருந்து புறப்பட்ட லாரியை நிறுத்தி, அவற்றை இறக்கிவிட்டு, கதவோடு அவரை ஏற்றினார்கள். இறங்கி நிற்கலாம் என்று மச்சான் பார்த்தால் முடியவில்லை. அந்த மனிதர் மச்சானின் காக்கிச் சட்டைப் பொத்தானை விடாமல் பிடித்திருந்தார். "மாப்ளே, நீ போய் போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிடு. நான் இவரோடவே போயிட்டு நேரா அங்க வாரேன்" என்று சொல்லிவிட்டு மச்சானும் டிரெஸ்ஸரும் அவரோடு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

எனக்கு ஒரு சைக்கிள் இரவல் கிடைத்தது. ஏறுமுன் எல்லாரையும் பார்த்துச் சொன்னேன்: "மோட்டார யாரும் தொடாதீங்க. வாய்க்கால்லருந்து எடுக்கவும் வேணாம். போலீஸ் வந்து பாக்கணும்."

"நாங்க எதுக்கு அதத் தொடுறோம்? நீ போ தம்பி" என்றார் ஆயாக்கா.

சொன்ன சொல்லை அவர்கள் காப்பாற்றினார்கள். திரும்பி வந்தபோது மோட்டாரின் மேல் ஓர் இலைகூட இடம் மாறியிருக்கவில்லை.

என்னோடு வந்தவர் போலீஸ் சார்ஜன், மலாய்க்காரர். கனத்த உடம்பு. சைக்கிள் மிதித்து வேர்த்துப்போய் இறங்கியவர், மைல்கல்லுக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு "அல்லா!" என்று இரண்டடி பின்னால் போனார். வெள்ளையாய்ச் சதையாய்ச் சிவப்பில் நனைந்து துண்டு துண்டாக ஏதோ கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் பூசணிக்காய். குங்குமம் கலந்து உடைத்திருந்தார்கள். அதைச் சுற்றிச் சாலை சுத்தமாகக் கழுவியிருந்தது. பால் வாளிகளில் தண்ணீர் கொண்டுவந்து, பெருக்கி, அலசி விட்டிருந்தார்கள். ரத்தம் இல்லை. சக்கரம் இழுத்த தடம் இல்லை. சைக்கிள் கிடந்த கீறல் இல்லை. மைல்கல் அருகே மட்டும் திட்டாக மஞ்சள் தண்ணீரும் ஒரு கொத்து வேப்பிலையும்.

டிரெஸ்ஸர் வேண்டாம் என்ற மஞ்சள்தான். பூசணிக்காய், ஆயுத பூஜைக்கு அந்த மோட்டாருக்கே உடைப்பதற்கென்று ஆயாக்கா வேலியில் ஏற்றிக் காப்பாற்றி வைத்திருந்தது.

"சியாப்பா சுரோ?" என்றார் சார்ஜன். யார் செய்யச் சொன்னது?

எனக்கு மலாய் வரும், இங்கிலீஷ் வரும். வாயைத் திறந்தேன். நீ யார் என்று கேட்டார். ஓட்டினவரின் மைத்துனன் என்றேன். வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்கச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். வண்டி ஓட்டினவன் ஆஸ்பத்திரியில். அவன் சொந்தக்காரன் ஸ்டேஷனில். அதற்குள் அவன் ஜனங்கள் சாலையையே கழுவிவிட்டார்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மூன்று பாஷை படித்தவன் அன்றைக்கு ஒரு பாஷைக்கும் உதவாமல் ரப்பர் மரத்தில் சாய்ந்து நின்றேன்.

லாரி டிரெஸ்ஸரை மட்டும் கொண்டுவந்து இறக்கியது. மச்சான் சொன்னபடி ஸ்டேஷனில் போய் இறங்கிக்கொண்டாராம். சார்ஜன் டிரெஸ்ஸரைப் பிடித்துக்கொண்டார். மலாயும் தமிழும் தெரிந்தவர், சொந்தமும் இல்லை. ஆயாக்காவை முன்னால் கூப்பிட்டார்கள்.

"நீங்க பேசுறதே எனக்குப் பாதி புரியாது" என்றார் ஆயாக்கா டிரெஸ்ஸரிடம். "இதுல நான் பேசுறத நீங்க மலாய்ல வேற சொல்லப் போறீங்களா?"

"புரிஞ்ச பாதியைச் சொல்லுறன். நேரம் போகுது, நீங்கள் கெதியாச் சொல்லுங்கோ."

"நான்தான் கழுவினேன். ஒருத்தரும் சொல்லல. ரத்தம் விழுந்த எடத்த அப்படியே விட்டுருவாங்களா? எம் பிள்ளைங்க நடக்குற வழி. அந்த ஆளு பொழைக்கணும், அதுக்கும் சேத்துத்தான் உடைச்சேன்."

"எந்த ஆள் பிழைக்க? ஓட்டினவனா?" என்று சார்ஜன் கேட்டதை டிரெஸ்ஸர் சொன்னார்.

"அவன் ஏன் பொழைக்கணும், அவன் நல்லாத்தான இருக்கான்! அடிபட்ட சீனன் லா!"

டிரெஸ்ஸர் அதை மலாயில் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது. சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். ரத்தம் எங்கே கிடந்தது என்று கேட்டார்.

"மஞ்சத் தண்ணி எங்க இருக்கோ அங்க. ரத்தம் பட்ட எடத்துலதான் ஊத்துவோம். வேற எடத்துல எதுக்கு ஊத்துறது?"

"உங்கள் ஆளுக்கு வசதியான இடத்தில் ஊற்றிவிட்டு அப்படிச் சொல்லலாம் இல்லையா?"

இதை டிரெஸ்ஸர் தமிழில் சொன்னதும் ஆயாக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி காரியத்துல யாராச்சும் எடம் மாத்துவாங்களா? இவரு வீட்டுல அப்படித்தான் செய்வாங்களான்னு கேளுங்க!" டிரெஸ்ஸர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அதற்கும் அவருக்கு என் நன்றி.

சார்ஜன் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஒரு முனையை ஆயாக்கா கையிலேயே கொடுத்து மைல்கல்லில் பிடிக்கச் சொன்னார். கல்லிலிருந்து மஞ்சள்வரை, மஞ்சளிலிருந்து சாலையின் நடுவரை, வாய்க்காலில் கிடந்த சக்கரம்வரை எல்லாம் அளந்து எழுதிக்கொண்டார். நம்பாத ஒன்றை அவ்வளவு பொறுமையாக அளந்த அந்த மனிதரை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். மறுநாள் பெய்த மழையில் மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை.

மச்சானின் லைசென்ஸை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடிபட்டவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது, காய்ச்சலும் கண்டது. அவர் போய்விட்டால் மச்சானுக்குச் சிறை. பிழைத்து, மோட்டார்தான் என் பக்கம் வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் லைசென்ஸ் போனதுதான். அன்றைக்கு ஈப்போவிலிருந்து வாடகை வண்டியில் வந்து சேர்ந்த துரை கெட்டவர் இல்லை. போலீஸ் ஒரு முடிவு சொல்லட்டும், அதுவரை ஸ்டோருக்குப் போ என்றார். மச்சான் மறுபடி எண்ணெய்க் கந்தலை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வந்து பலகையில் உட்காருவார். பானை மூடி பக்கத்திலேயே இருக்கும். தொடமாட்டார்.

நான் ஈப்போவுக்குப் போகவில்லை. வேலை போயிருக்கும் என்று நினைத்து அதைப் பற்றி வீட்டில் பேசவும் இல்லை.

மச்சானுக்கு ஒரே தவிப்பு, ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் என்று. அக்காள் கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றியே வைத்துவிட்டாள். டிரெஸ்ஸர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"போகாதேயுங்கோ. சாட்சியைக் கையுக்குள்ளை போட வந்தனீங்கள் எண்டு சொல்லுவினம்."

"அடிபட்டவனப் போய்ப் பாக்காதவன் மனுஷனா சார்?"

"மனுசன்தான். கொஞ்ச நாளைக்கு வீட்டிலை இருக்கிற மனுசன். கஞ்சியை இங்கை தாங்கோ." தாமே வாங்கிக் குடித்துவிட்டு, "உப்புக் காணாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வழி கண்டுபிடித்தவர் ஆயாக்காதான். மோதிய அன்றே சாலையில் சிதறிய காய்கறியை எல்லாம் பெண்கள் பொறுக்கி வைத்திருந்தார்கள். முள்ளங்கி தேறியது. கீரை வாடிவிட்டது. வாடின கீரைக்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கத்திலிருந்தும் கத்தரியும் வெண்டையும் முருங்கையுமாகக் கூடையை நிரப்பினார்கள். வளைந்த சைக்கிளை ஸ்டோரில் யாரோ நிமிர்த்தித் தந்தார்கள். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஆயாக்காவும் இரண்டு பெண்களும் அந்தச் சீனர் வீட்டுக்குப் போனார்கள். "நாங்க சாட்சிய பாக்கப் போவல, கூடையக் குடுக்கப் போறோம்" என்று டிரெஸ்ஸரிடம் சொல்லிவிட்டே போனார்கள்.

திரும்பி வந்து ஆயாக்கா சொன்ன கதையைக் கேட்டு, பல நாளைக்குப் பிறகு அக்காள் சிரித்தாள். அந்தச் சீன அம்மாளுக்கு முருங்கைக்காயை என்ன செய்வதென்று தெரியவில்லையாம். கொடிக்கு நடும் குச்சி என்று நினைத்துப் பாத்தியில் நட்டுப் பார்த்தாராம். ஆயாக்கா பிடுங்கி, மென்று காட்டி, சக்கையைத் துப்பியும் காட்டினாராம். எப்படி அடிபட்டது, எப்படித் தூக்கினோம், எங்கே பூசணிக்காய் உடைத்தோம் என்று சந்தை மலாயிலும் கையிலுமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உப்பில் போட்ட முள்ளங்கி ஒரு ஜாடி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

காய்ச்சல் இறங்கியது. சார்ஜன் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பிறகு மச்சானை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். மச்சான் அன்றைக்கு வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். லைசென்ஸ் இருந்த தகர டப்பாவை வெறும் திருநீறோடு மடியில் வைத்திருந்தார்.

சார்ஜன் எங்களை உட்காரச் சொன்னார். அந்தச் சீனர் சொன்னதைச் சொன்னார். கயிறு நழுவியது, நான்தான் அந்தப் பக்கம் போனேன், ஹாரன் கேட்டது என்று சொல்லியிருக்கிறார். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு, கிடந்தபடியே ஒரு வெள்ளைக் கல் முகத்துக்கு நேரே தெரிந்தது, அதில் இருந்த எழுத்துகள் படுத்திருந்தன என்றாராம். மைல்கல். சார்ஜன் தான் எழுதிவைத்திருந்த அளவைப் பார்த்திருக்கிறார். மஞ்சள் இருந்ததும் கல்லுக்குப் பக்கத்தில்தான், எங்கள் பக்கத்துச் சாலையில்தான்.

"அந்த அம்மாள் சொன்னதை அன்று நான் நம்பவில்லை" என்றார் சார்ஜன் மலாயில். "இடம் மாறவில்லை."

பிறகு மேஜையைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். மச்சான் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தகர டப்பாவைத் திறந்து உள்ளே வைத்தார். நான்தான் கேட்டேன். தன்மேல் தவறு என்று சொல்லாமல் இருந்திருக்கலாமே, பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லையே, அந்த மனிதர் ஏன் சொன்னார்?

"நானும் கேட்டேன். 'டியா தா லாரி' என்றார்." மலாயில் அதற்கு 'அவன் ஓடவில்லை' என்று அர்த்தம். கண்ணை மூடும்போதும் இவன் முகம் இருந்தது, லாரியில் முழித்தபோதும் இவன் முகம் இருந்தது. அவன்மேல் எப்படிச் சொல்வது என்றாராம்.

வாசல்வரை வந்த எங்களைச் சார்ஜன் மறுபடி கூப்பிட்டார். விரலை நீட்டி, "அந்த அம்மாளிடம் சொல். அடுத்த தடவை முதலில் நான். பிறகு பூசணிக்காய்" என்றார்.

வீட்டுக்குப் போனதும் மச்சான் டப்பாவைச் சாமி படத்தின் கீழே வைத்தார். பானை மூடியை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருதரம் திருப்பினார். அக்காள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

என் வேலையும் போகவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மோதிய அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியிலேயே டிரெஸ்ஸர் ஈப்போ அலுவலகத்துக்குத் தந்தி அடித்திருக்கிறார். பையன் விபத்தில் அடிபட்டவருக்கு உதவி செய்துகொண்டிருக்கிறான், தாமதமாக வருவான் என்று. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றி சொல்லப் போனபோது, "தந்தி அடிக்காமல் விட்டால் நீர் இங்கையே நிண்டு என்ரை உயிரை எடுப்பீர்" என்று திட்டினார். மச்சான்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார். ஈப்போ நெருங்கும்போது குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைகள் சாலையோரம் எழுந்து நின்றன. ஒவ்வொரு வளைவிலும் மச்சான் ஹாரனை அடித்துக்கொண்டே போனார். எதிரே ஆள் இல்லாத வளைவிலும் அடித்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லீவு வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். நாங்கள் கேட்காமலே துரை மோட்டாரைக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்த அனுமதி கொடுத்திருந்தார். மாலை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. பூசணிக்காய்தான் இல்லை. ஆயாக்காவின் வேலியில் பிறகு ஒன்றும் காய்க்கவில்லை.

அப்போது அந்தச் சீனர் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடையில் குழந்தை அளவு ஒரு பூசணிக்காய், சாம்பல் பூத்தது. அவர்கள் தோட்டத்தில் விளைந்தது. எங்களுக்காகத்தான் உங்கள் காயை உடைத்தீர்கள், அதற்குப் பதில் இது என்று அந்த அம்மாள் கையால் காட்டினார்.

ஆயாக்கா அதை வாங்கித் தட்டிப் பார்த்தார். "நல்ல காய் லா" என்றார். மேலே துவாரம் போட்டுக் குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றி, மோட்டாரை மூன்று சுற்றுச் சுற்றி, மச்சான் கையில் கொடுத்தார். மச்சான் ஓங்கித் தரையில் அடித்தார்.

சீனர் "ஐயா!" என்று தலையில் கை வைத்துவிட்டார். "சூப்! சூப்புக்கு லா!"

அவர்கள் ஊரில் அதைச் சூப்பு வைத்துக் குடிப்பார்களாம். அவ்வளவு பெரிய காய் சிதறிக் கிடப்பதைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. நன்றாக இருக்கும் துண்டையாவது எடுக்கலாம் என்று அந்த அம்மாள் குனிந்தார். ஆயாக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். கண் பட்டதைக் கழித்த காய், வாயில் வைக்கக் கூடாது என்று சொன்னார். அது எந்த மட்டும் அவர்களுக்குப் புரிந்ததோ தெரியாது. வேலியோரம் நின்றிருந்த டிரெஸ்ஸர் யாரும் கூப்பிடாமலே வந்து மலாயில் எடுத்துச் சொன்னார்.

அடுத்த வருஷத்திலிருந்து அந்தச் சீனர் இரண்டு பூசணிக்காய் கொண்டுவருகிறார். ஒன்றை ஆயாக்கா கையில் கொடுத்துவிட்டு, உடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்னொன்றை அக்காள் கூட்டு வைக்கிறாள். எல்லாரும் மோட்டாருக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துச் சாப்பிடுகிறோம்.